அயலார் கை அன்னம்

பிறரை நேசிக்க வேண்டும் என்று பீடத்தில் நின்று சொல்லும் ஊழியத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே செம்மணல் தேரிகளின் ஓரமாகப் பரந்து கிடக்கும் பனங்காட்டுச் சேகரங்களில் குருவானவனாக இருந்து, ஞாயிறுதோறும் நான் செய்த பிரசங்கங்களுள் அன்பைப் பற்றிப் பேசாதது அநேகமாக ஒன்றும் இராது. ஆயினும், அந்த அன்பு எப்படிப்பட்டது, அது மனிதரிடையே எந்த வழியாக நடமாடுகிறது என்பதை எனக்குக் கற்பித்தவை வேதசாஸ்திரக் கல்லூரியின் வகுப்பறைகளைக் காட்டிலும் அந்தச் சேகரங்களின் அடுப்படிகளும், அசனப் பந்திகளும், எளிய ஜனங்களின் வீட்டுத் திண்ணைகளுமே என்பதை ஓய்வு பெற்றிருக்கும் இந்த முதிர்ந்த வயதில் எழுதி வைப்பது நான் செலுத்த வேண்டிய நன்றி என்று கருதுகிறேன்.

அந்தப் பிரதேசத்தை அறியாதவர்கள் அதன் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். காற்று அடித்துக் குவித்த சிவந்த மணல் மேடுகள். அவற்றினூடே கண்ணுக்கெட்டிய தூரம் பனைகள். அந்தப் பனைகளின் தலைக்கு மேலே, வெகு தூரத்திலிருந்தே தெரியும்படி நிற்கும் மெய்ஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடிக் கோபுரம். நான் ஊழியத்துக்கு வந்த காலத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரையில் அங்கே ஆண்களுக்குப் பனையே உலகம். கிழக்கு வெளுக்குமுன் இடையில் அரிவாள்பெட்டியைக் கட்டி, காலில் தளைநாரை மாட்டி, முப்பது நாற்பது மரங்களில் ஏறி இறங்கிப் பாளை சீவும் பனையேறி, மாலையிலும் அதே மரங்களில் மறுபடி ஏற வேண்டும். அவன் இறக்கிய பதநீரை விடிலியில் வைத்துக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது பெண்களின் வேலை. ஒரு காலின் பிடி தவறினால் ஒரு குடும்பமே கீழே விழும் தொழில் அது. எங்கள் கல்லறைத் தோட்டங்களில் அடங்கியிருக்கும் ஆண்மக்களுள் பனையிலிருந்து விழுந்து மாண்டவர்கள் பலர்.

இப்படிப்பட்ட ஜனங்களிடையே திருச்சபை வேரூன்றியபோது, அது கொடுக்கும் ஸ்தாபனமாகவே வந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், துன்புறுத்தலுக்கு ஆளான புதுக் கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் பொருட்டு 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். 1841இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த கால்டுவெல் ஐயர் தெருக்களை நேராக்கினார், பள்ளிக்கூடங்களை வைத்தார், முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடுபட்டு அங்கே ஓர் அழகிய கோயிலை எழுப்பி 1880இல் பிரதிஷ்டை செய்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன் பங்களாக்களின் வாசலில் கஞ்சித் தொட்டிகள் இருந்தன; அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் வந்து சேர்ந்தனர். இவை யாவும் மகத்தான கைங்கரியங்கள். இவற்றின் பலனை இன்றளவும் அனுபவிக்கிற சந்ததியில் நானும் ஒருவன். ஆனால், கொடுப்பவர் உயரத்தில் நிற்க வாங்குபவர் தாழ்வில் நிற்கும் ஓர் ஏற்பாடும் இவற்றோடு சேர்ந்தே எங்கள் மண்ணில் நிலைபெற்றது. எனக்கு வாய்த்த சேகரங்களிலும் ஐயர் என்றால் சிபாரிசுக் கடிதம் தருகிறவர், பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருகிறவர், ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறவர் என்பதே ஜனங்களின் எண்ணமாக இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு என்பதை உலகம் கேட்கும்படி எடுத்துச் சொன்னவர் எங்கள் தேரிக்காட்டிலேயே பிறந்தவர் என்பது எனக்கு எப்போதும் பெருமையளிக்கும் விஷயம். வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், கிராமத்து ஐயர் ஒருவரின் மகனாக 1874இல் பிறந்த அசரியா, பின்னர் 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் மனமார மெச்சிவிட்டு, இவற்றுக்கெல்லாம் மேலாக இந்தியத் திருச்சபை அவர்களிடம் எதிர்பார்ப்பது சிநேகமே என்று அவர் வேண்டிக்கொண்டார். கொடையாளிக்கும் சிநேகிதனுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று நான் பல நாள் சிந்தித்ததுண்டு. சிநேகிதன் நமக்குக் கொடுப்பான். அதே சமயம், நம் வீட்டில் உட்கார்ந்து உண்ணவும் செய்வான். கொடையாளியோ கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் உண்பான்.

இதை எனக்குக் கண்கூடாகக் காட்டியவர், என் ஆரம்பகாலச் சேகரம் ஒன்றில் வாழ்ந்த ஒரு மூதாட்டி. கணவன் பனையிலிருந்து விழுந்து இறந்தபின், ஓலைப்பெட்டியும் கொட்டானும் முடைந்து விற்றுப் பிழைத்தவர். எழுத்தறியாதவர், ஆனால் கீர்த்தனைகள் அவருக்குப் பாடம். எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன், வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாக வைப்பாள்; அது சேர்ந்து ஞாயிறன்று கோயிலுக்கு வரும். வெளிநாட்டுப் பணத்தை நாடாமல் நம்மவர் பொருளாலும் நம்மவர் ஊழியத்தாலும் சுவிசேஷப் பணி நடக்க வேண்டும் என்று 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியதற்கும், அது தழைத்ததற்கும், இத்தகைய எளிய காணிக்கைகளே உரமாக இருந்தன.

ஒரு நாள் மத்தியான வேளையில் நான் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவர் சமையலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். உழக்கில் அளந்த அரிசி முறத்தில் இருந்தது. அது ஒருவருக்கே போதாத அளவு. அவர் கல் பொறுக்கி முடித்து, அதிலிருந்து ஒரு பிடி அள்ளினார். பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அரிசியைக்கூடத் தட்டிவிடாமல், உள்ளங்கையைக் குவித்து அப்படியே மூலையில் தொங்கிய கொட்டானில் இட்டார். சமைத்து மிஞ்சினால் மாலையில் எடுத்து வைக்கலாகாதா பாட்டி என்று நான் கேட்டேன். "உலையில போடுததுக்கு முந்தி எடுக்கணும் ஐயரே. மிஞ்சினத எடுத்து வச்சா அது காணிக்க இல்ல, கழிவு" என்றார். அதோடு நிற்காமல், மீதி அரிசியை வடித்துக் கஞ்சியாக்கி, அதில் பாதியை எனக்கு ஊற்றி, கருவாடு ஒன்றைச் சுட்டு வைத்து, உண்ணும்படி எதிரில் உட்கார்ந்துகொண்டார். மறுக்க நா எழவில்லை. அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைக் கண்டபோது, அந்தக் கஞ்சியை நான் உண்பதே அன்று அவருக்கு நான் செய்யக்கூடிய ஊழியம் என்று உணர்ந்தேன்.

கைப்பிடி அரிசி தனித்தனி வீடுகளின் அன்பென்றால், ஊர் முழுவதன் அன்பும் ஒன்றுகூடும் நாள் அசனப் பண்டிகை. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே வீடு வீடாக அரிசியும் தேங்காயும் மிளகாய் வற்றலும் வந்து சேரும். வசதியுள்ளவர்கள் ஆட்டுக்கிடாய் கொண்டுவந்து கோயில் வளாகத்து வேம்பில் கட்டிவிட்டுப் போவார்கள். இன்னார் கொடுத்தது இவ்வளவு என்று கணக்குப்பிள்ளை எழுதி வைப்பது உண்மைதான். ஆயினும், மூட்டைகளைப் பிரித்துப் பாயில் கொட்டிய பிறகு, செல்வர் வீட்டுப் பொன்னி அரிசியும் ஏழை வீட்டு நியாயவிலைக் கடை அரிசியும் ஒரே குவியலாகிவிடும். பிறகு எது யாருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. இரவெல்லாம் விறகடுப்புகள் எரியும். வார்ப்புகளில் வெந்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோல் குவித்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் நான் போய் அந்தச் சோற்றின்முன் நின்று ஜெபித்து ஆசீர்வதிக்க, பந்தி தொடங்கும்.

அந்தப் பந்திக்குச் சபையார் மாத்திரம் வருவதில்லை. பக்கத்து ஊர் இந்துக்கள் வருவார்கள். உடன்குடிச் சந்தையில் எங்கள் ஜனங்களிடம் கருப்பட்டி கொள்முதல் செய்த இஸ்லாமிய வியாபாரி ஒருவர் வருஷந்தோறும் ஒரு மூட்டை அரிசி அனுப்பி வைப்பார். ரம்ஜான் மாதத்தில் அவர் வீட்டு நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் எங்கள் குருமனைக்கு வரும். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவுக்கு விரதம் இருப்பவர்களும், சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் எங்கள் அயலாரில் இருந்தபடியால், அசனம் அப்படிப்பட்ட காலத்தில் வந்தால், அவர்களுக்கென்று இறைச்சி படாத அடுப்பு ஒன்றைத் தூரத்தில் மூட்டி, புதுப் பானையில் மரக்கறிக் குழம்பு வைக்கும்படி ஏற்பாடு செய்தவர்கள் எங்கள் சபைப் பெண்களே. எந்தச் சங்கமும் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. அயலானின் விரதத்தைக் காப்பது தங்கள் விருந்தோம்பலின் ஒரு பகுதி என்பது அவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருந்தது.

இப்படிச் சொல்லும்போது, எங்கள் சபைகளுக்குள்ளேயே நேசத்துக்குத் தடையாக நின்ற சாதி என்னும் சுவரைப் பேசாமல் விடுவது சத்தியத்துக்கு விரோதமாகும். பாளையங்கோட்டையில் தம் மாணவர்கள் சாதி வேறுபாடின்றிச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று ரேனியஸ் பிடிவாதமாக நின்றார். சபைகளில் சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சுற்றறிக்கை விடுத்தார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், பல வேறு சபைப் பிரிவுகள் தங்கள் பழைய பேதங்களை விட்டுத் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுபட்டதை உலகமே வியந்து நோக்கிற்று. ஆனால் கதீட்ரலில் கூடிவந்த ஐக்கியம் கிராமத்துக் கோயிலின் நற்கருணைக் கிராதி வரையில் நடந்து வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் பிடித்தன. சில இடங்களில் இன்னமும் வந்து சேரவில்லை.

நான் சொல்லும் சேகரத்துச் சபை ஒன்றில், கீழத்தெரு ஜனங்கள் மற்ற எல்லாரும் திருவிருந்து பெற்ற பின்னரே எழுந்து வருவார்கள். அப்படி வர வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. எழுதப்படாத அந்தச் சட்டத்தைப் பற்றி நான் பிரசங்கித்தேன். சபைக் கமிட்டியிலும் பேசினேன். எல்லாரும் தலையை அசைத்தார்கள்; அடுத்த ஞாயிறும் வரிசை பழையபடியே இருந்தது. அப்போது ஒரு நற்கருணை ஆராதனையில், வழக்கமாக முன்வரிசையில் வந்து முழங்காற்படியிடும் அந்த மூதாட்டி தம் இடத்தைவிட்டு எழவில்லை. வரிசைகள் எல்லாம் வந்து போயின. கடைசியில் கீழத்தெருப் பெண்கள் எழுந்தபோது, அவரும் எழுந்து, அவர்களுள் ஒருத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்து வந்து, அவர்கள் நடுவே முழங்காலிட்டார். அப்பத்தை எல்லார் கையிலும் வைத்துவிட்டு நான் கிண்ணத்தோடு வந்தேன். அவருக்கு முன்னே இருந்த பெண் பருகிய அதே கிண்ணத்தில் அவரும் பருகினார்.

ஆராதனை முடிந்ததும் அதைப் பற்றிக் கேட்டேன். "வயசாயிட்டுல்லா ஐயரே, முட்டு மடங்க மாட்டேங்கு. அவிய மெல்ல வருவாவ. அவியளோட சேந்து வாரது எனக்குத் தோதா இருக்கு" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த முட்டியோடுதான் அவர் தினமும் ஓலைக்காகத் தேரியில் வெகு தூரம் நடந்தார் என்பதை நான் அறிவேன், சபையாரும் அறிவார்கள். உயர்ந்தவர் இறங்கி வந்தார் என்ற எண்ணம் கீழத்தெருவாருக்கு உண்டாகாதபடி, தமக்கே அவர்களுடைய துணை வேண்டியிருந்ததாக அவர் காட்டிக்கொண்ட நயத்தை நான் எந்த வேதசாஸ்திர நூலிலும் கண்டதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல, அவருடைய உறவுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அவருடன் பிந்தி எழலாயினர். எந்த வரிசை முந்தியது, எந்த வரிசை பிந்தியது என்பது நாளடைவில் குழம்பி மறைந்தது.

அந்த வருஷத்து ஐப்பசி அடைமழையில் அவர் கடுமையான காய்ச்சலில் படுத்தபோது, எந்தத் தோளைப் பற்றிக்கொண்டு வந்தாரோ அந்தப் பெண்ணே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். அவரோ எழுந்து உட்கார்ந்து, நாக்கில் ருசி சற்றுமில்லாத அந்த நிலையிலும் கிண்ணம் காலியாகும் வரையில் குடித்தார். போதும் என்று நிறுத்தலாமே என்று நான் சொன்னதற்கு, "குடுத்தவ மனசு குளுரணும்லா" என்றார். கொடுப்பதற்குப் பெருந்தன்மை வேண்டும் என்று நாம் எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். ஒருவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கு அதைக் காட்டிலும் பெரிய மனம் வேண்டும் என்பதை அன்று அந்தக் குடிசையில் கண்டேன்.

அவர் உறங்கிப்போய் வெகு காலம் ஆன பின்னர், அந்தப் பாடத்தை நானே வாங்கும் பந்தியில் உட்கார்ந்து படிக்கும் நாளும் வந்தது. ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் தாமிரபரணிக் கரையில், ஏரலுக்குச் சமீபமான ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். 2023 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தார் எவரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டு முழுவதும் அப்பகுதியில் வழக்கமாகப் பெய்வதைக் காட்டிலும் அது அதிகம். குளங்கள் உடைந்தன, ஆறு கரை கடந்தது, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மேற்கொண்டு செல்ல வழியின்றி நின்றுவிட, ஏறத்தாழ 800 பிரயாணிகள் சிக்கிக்கொண்டனர். அவர்களுக்கு அருகிலிருந்த புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த அந்த நேரத்திலும், ஊர்க் கோயிலில் உலை வைத்துச் சமைத்துக் கொடுத்த செய்தியைப் பிற்பாடு கேட்டுக் கண் கலங்கினேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது, கடற்கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மீனவ இளைஞர்கள் எங்களைத் தூக்கி ஏற்றினார்கள். மேட்டுப் பாங்கான ஓரிடத்தில் ஜமாஅத்தார் தங்கள் திருமண மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு ஓர் இளைஞர் உலர்ந்த கைலி ஒன்றைக் கொடுத்து, "மொதல்ல துணிய மாத்துங்க ஐயா" என்றார். பிறகு தட்டில் சூடான சோறும் பருப்பு ஆணமும் வந்தன. நான் தயங்குவதாக எண்ணி, "எங்க வாப்பா வயசு உங்களுக்கு. கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார். எனக்கு ஒரு பக்கம் அம்மன் கோயில் பூசாரி ஒருவர். மறு பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்ய வந்த குடும்பம் ஒன்று. எதிரே கைக்குழந்தையோடு ஓர் இளம் பெண். தொழுகை நேரம் வந்தபோது, பந்தி தடைப்படாதபடி ஒரு பகுதியார் தொழச் செல்ல, மறு பகுதியார் நின்று பரிமாறினர். அவர்கள் வந்தபின் இவர்கள் சென்றனர். எத்தனையோ அசனங்களில் சோற்றை ஆசீர்வதித்துக் கொடுத்த நான், கிறிஸ்து பிறந்த பண்டிகைக்கு முந்திய அந்த வாரத்தில், மற்றவர் ஆசீர்வதித்துக் கொடுத்த சோற்றை உண்டேன்.

நல்ல சமாரியன் உவமையை நாங்கள் பிரசங்கிக்கும்போது, விலகிப்போன ஆசாரியனையும் லேவியனையும் கண்டித்து, சமாரியனைப்போல் இருங்கள் என்று முடிப்பது வழக்கம். அது நேரிய போதனையே. அந்த மண்டபத்தில் இருந்த நாட்களிலோ, எரிகோ வழியில் குற்றுயிராகக் கிடந்த மனிதனைப் பற்றியே என் சிந்தனை ஓடியது. யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்காத காலம் அது. அந்த மனிதன் நல்ல சுகத்தோடு இருந்திருந்தால் எந்தக் கையைத் தீண்டியிருக்க மாட்டானோ, அந்தக் கைதான் அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது. எனக்குப் பிறன் யார் என்று வினவிய நியாயசாஸ்திரிக்கு ஆண்டவர் விடை சொல்லும்போது, அவனை முதலில் கொண்டுபோய் வைத்தது அந்தக் காயப்பட்டவனின் ஸ்தானத்தில்தான் என்று நான் நம்புகிறேன். உதவி வேண்டிக் கிடக்கிறவன், வருகிறவனின் ஜாதியையும் மதத்தையும் விசாரிப்பதில்லை. அங்கேதான் அயலான் யார் என்பது அவனுக்கு முதன்முதலாக விளங்குகிறது. ஆண்டவரும் கொடுத்தவர் மாத்திரம் அல்லர். சீகார் ஊர்க் கிணற்றருகே களைத்து உட்கார்ந்து, சமாரியப் பெண் ஒருத்தியிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவர் அவர். ஊரார் வெறுத்த சகேயுவின் வீட்டுக்கு விருந்தாளியாகத் தாமே வலியச் சென்றவர். தங்களிடத்தில் பிறருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்னும் கௌரவத்தை அவர்களுக்கு அளித்தபின்னரே அவர்களுக்குத் தம்முடையதைக் கொடுத்தார்.

வெள்ளம் வடிந்து வீடுகள் காய்ந்து, அடுத்த அசனப் பண்டிகைக்கு எங்கள் ஊர்ச் சபைக் கமிட்டி கூடியபோது, முதியவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். இவ்வருஷம் ஜமாஅத்தாரையும் மற்ற ஊராரையும் விசேஷமாக அழைத்து விருந்தளிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். விருந்துக்கு அழைப்பதோடு நில்லாமல், அவர்களிடம் உதவியும் கேட்போம் என்று நான் சொன்னேன். கமிட்டியார் மனமுவந்து ஏற்றார்கள். பெருங்கூட்டத்துக்கு உலை வைத்துப் பழகிய ஜமாஅத் இளைஞர்கள் சோற்றடுப்பைப் பொறுப்பேற்றார்கள். அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் குழம்பு வைக்கும் சமையல்காரர் மரக்கறி அடுப்பில் நின்றார். எங்கள் சபையார் இலை போட்டுத் தண்ணீர் வைத்தார்கள்.

இன்று ஊழியத்துக்கு வரும் இளம் குருமாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் சபை பள்ளிக்கூடம் நடத்தட்டும், ஆஸ்பத்திரி நடத்தட்டும், ஆபத்துக் காலத்தில் முதலாவதாகக் கை நீட்டிக் கொடுக்கட்டும். கொடுப்பதே மேலான பாக்கியம் என்பது நமக்கு அருளப்பட்ட போதனை. ஆயினும் அந்தப் பாக்கியத்தை நாமே எல்லாக் காலத்திலும் வைத்துக்கொண்டால், அயலாருக்கு அதில் பங்கில்லாமல் போகும். ஆகையால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்; அவர்கள் கொடுப்பதை உண்ணுங்கள்; உங்களுக்கு இல்லாததை அவர்களிடம் வெட்கமின்றிக் கேளுங்கள். ஒருவருக்கொருவர் கடன்பட்டு வாழும் ஊரில் விரோதம் வேர் பிடிப்பது அரிது. என் விசுவாசம் என் அயலாரின் கைகளால் போஷிக்கப்பட்டது. அந்தக் கடன் தீராமல் இருப்பதே என் ஜெபம்.